சின்ன இன்ஜின், பெரிய பிரீமியம்

டிக்கியைத் திறந்ததும் வெங்காயச் சருகு பறந்தது.

பெரம்பலூரில் திருச்சி ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம். பங்குனி வெயில். சாம்பல் நிறக் கார் ஒன்று முன்பாகம் முழுக்க நசுங்கி, ஒரு சக்கரம் திரும்பிக்கொண்டு நின்றது. பின்பாகம் மட்டும் ஷோரூமிலிருந்து எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளத்தது.

திருச்சியிலிருந்து சர்வேயர் வந்திருந்தார். விபத்தான வண்டியைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுபவர் அவர். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். டிக்கியை மூடிவிட்டு, சட்டையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்பக்கம் போனார். ஒர்க்‌ஷாப்காரர்கள் வேறு பேட்டரி கொண்டுவந்து இணைத்துக் கொடுத்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

டிரைவர் சீட்டில் அவர் உட்காரவில்லை. கதவுப் பக்கமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த சீட்டில் கறை இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்ஜின் கம்பெனி குடுத்த மாதிரி இல்ல மேடம். கம்ப்யூட்டர் புரோகிராம மாத்தி, பவர ஏத்தி வுட்ருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அந்தக் காருக்குப் பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட் நான். காரின் சொந்தக்காரர் மணிமாறன் எனக்கு நாலடி தூரத்தில் நின்றிருந்தார்.

நான் சொன்ன பதிலை எழுதுவதற்கு முன்னால் மணிமாறனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரோட்டுக்கு வரச் சொன்னவள்

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய டிராக்டர் கதையைப் படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அந்தக் குடும்பத்தில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மணிமாறன் சின்ன வெங்காய வியாபாரி. செட்டிகுளம் பக்கம் அவருக்குச் சொந்தமாக ஷெட் இருக்கிறது. அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் வெங்காயக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மணிமாறன் படிப்பை விட்டுவிட்டு மூட்டை தூக்கினார். பிறகு மூட்டை வாங்கி விற்றார். பிறகு லாரி பிடித்து வெளியூருக்கு அனுப்பினார். எந்த ஊரில் எந்த வாரம் வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நின்று டூவீலர் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தேன். அரியலூர்ப் பக்கத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம் என்னுடையது. வேலைக்குப் போகும் பெண் என்பதே எங்கள் வீட்டில் பெரிய விஷயம். ஆள் பிடிக்க ஊர் ஊராகப் போவேன். ஆனால் எல்லாத் தெருவுக்கும் போகமாட்டேன். சில தெருக்களில் இருப்பவர்களை மெயின்ரோட்டு டீக்கடைக்கு வரச் சொல்வேன். ஆர்சி புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வருவார்கள். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இதில் தப்பு ஏதும் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அப்படி ஒரு பழைய பைக்கின் ஆர்சி புத்தகத்தோடு ரோட்டுக்கு வந்து நின்றவர்களில் மணிமாறனும் ஒருவர். அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

ஒரே நிறத்தில் ரெண்டு கார்

பல வருஷங்கள் கழித்து அவர் என் ஆபீசுக்கே வந்தார். கூடவே தங்கை அமுதாவின் கணவர் கதிர்வேலும் வந்திருந்தார். கதிர்வேல் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடை வேலையில் இருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை போடுவது அவர் வேலை. எதிலும் நிதானம். பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் சீட் பெல்ட் போடுகிற மனிதர் என்று அமுதா பின்னால் சொன்னாள்.

மச்சான் மாப்பிள்ளை இருவரும் ஒரே நாளில் ஒரே மாதிரிக் கார் எடுத்திருந்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம். கதிர்வேலுடையது சாதாரண இன்ஜின். மணிமாறனுடையது அளவில் சின்னதானாலும் வேகமாக இழுக்கும் டர்போ. வெளியிலிருந்து பார்த்தால் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தைத் தவிர வித்தியாசம் தெரியாது.

முதல் வருஷப் பாலிசி ஷோரூமிலேயே போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் புதுப்பிக்கத்தான் என்னிடம் வந்தார்கள். இருவருக்கும் பிரீமியம் போட்டுக் காட்டினேன். மணிமாறனுடையது நன்றாகவே கூட இருந்தது.

அவர் ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, மச்சான் காருதான் பெரிய இன்ஜின். என்னுது ஆயிரம் சிசிக்கும் கம்மி. சின்ன இன்ஜினுக்கு எப்புடி அதிகம் வரும்?"

நல்ல கேள்விதான். எனக்குப் பதிலும் தெரியும். ஆனால் அன்றைக்கு மாசக் கடைசி, ஆபீசில் கூட்டம். டர்போ வண்டி என்றால் அப்படித்தான் வரும், கம்ப்யூட்டர் போடுகிற தொகை, என் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க தெருவப் பாத்துப் போட்டாங்களாக்கா?"

கதிர்வேல் சட்டென்று வெளியே பார்த்தார். இல்லை தம்பி என்று சொன்னால் மட்டும் போதாது என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அதே காரை, என் பெயரில், என் வீட்டு விலாசத்தில் பதிந்து காட்டினேன். அதே தொகை வந்தது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மணிமாறன் சிரித்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வீடு வாடகைக்குக் கேட்டப்பயும், ஷெட்டுக்கு இடம் கேட்டப்பயும் எங்களுக்குன்னா ஒரு வெல. அதான் கேட்டுட்டேன்."

பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டர் தெருவைப் பார்க்கவில்லை. நான் பார்த்திருக்கிறேனே.

நான் சொன்ன ரெண்டு வாக்கியம்

அதற்கடுத்த வருஷம் மணிமாறன் மட்டும் வந்தார். காரைக் கோயம்புத்தூரில் ஒரு இடத்தில் கொடுத்து டியூனிங் செய்திருந்தார். இன்ஜினின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றினால் அதே இன்ஜின் இன்னும் வேகமாக இழுக்கும். சைலன்சரையும் மாற்றியிருந்தார். வாசலில் நிறுத்தி ஒரு முறை ஆக்சிலேட்டரை அழுத்திக் காட்டினார். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அந்தக் கார்தான் அவர் தனக்கென்று செய்துகொண்ட ஒரே செலவு.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. வண்டியில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று.

"இதையும் எழுதணுமாக்கா?" என்று அவராகவே கேட்டார்.

எழுதத்தான் வேண்டும். எழுதினால் கம்பெனி ஆளனுப்பி வண்டியைப் பார்க்கும். ஆர்டிஓ அனுமதி எங்கே என்று கேட்கும். பிரீமியம் இன்னும் ஏறும். இந்த வண்டிக்குப் பாலிசியே இல்லை என்றுகூடச் சொல்லலாம். இதையெல்லாம் அவரிடம் சொன்னால், மறுபடியும் அந்தத் தாளைப் பார்ப்பது போல் என்னைப் பார்ப்பார். போன வருஷத்துக் கேள்வி மறுபடி வரும்.

அவர் பக்கம் நிற்கிறேன் என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. அதற்கு எனக்குக் கிடைத்த வழி அதுதான்.

"எழுத வேணாம் தம்பி," என்றேன். "இத வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கவும் வேணாம்."

அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

திருமழபாடி ரோடு

அந்தப் பங்குனியில் திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழா. அமுதாவுக்குப் போக ஆசை. கதிர்வேலின் கார் சர்வீசுக்குப் போயிருந்தது. மணிமாறனுக்கு அன்று லோடு ஏற்ற வேண்டியிருந்தது, அவரால் வர முடியாது. சாவியை மச்சானிடம் கொடுத்து அனுப்பினார். ரெண்டும் ஒரே கார்தானே, ஓட்டிப் பழகியதுதானே என்று கதிர்வேலும் எடுத்துக்கொண்டு போனார். முன்சீட்டில் அமுதா.

நடந்ததை அமுதா என்னிடம் பின்னால் சொன்னாள். அரியலூர் தாண்டி ஒரு சுண்ணாம்புக்கல் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளைத் தூசி. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுதூரம் பொறுமையாகப் பின்னாலேயே போனார் கதிர்வேல். லாரிக்காரர்கள் அவருக்குப் பழக்கமானவர்கள். அவசரப்பட வேண்டாம், நேரா வழி கிடைக்கும்போது போய்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

நேர் ரோடு வந்தது. எதிரே வெகுதூரத்தில் ஒரு மினி பஸ் வந்துகொண்டிருந்தது. தாராளமாகப் போகலாம். தன் காரை மிதிப்பது போலவே மிதித்தார்.

"அவரு மிதிச்சாருக்கா. காரு ஒரு செகண்டு சும்மா இருந்துச்சு. அதனால இன்னுங் கொஞ்சம் மிதிச்சாரு. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் சீட்டோட பின்னால தள்ளிட்டு அது பாட்டுக்குப் பாஞ்சிருச்சு."

டர்போ கொஞ்சம் தாமதித்து, பிறகு ஒரேயடியாக இழுக்கும். கால் எதிர்பார்த்தது ஒன்று, வண்டி கொடுத்தது வேறு. பயந்துபோய் ஸ்டீயரிங்கை உள்ளே ஒடித்தார். லாரியைத் தாண்டிவிட்டார்கள். பஸ்ஸிலும் இடிக்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதினார்கள்.

கதிர்வேல் ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துபோனார். அமுதாவுக்கு வலது தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். கணவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது அவள் அரியலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில்

இப்போது அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன்.

உங்களுக்குத் தெரியுமா என்று சர்வேயர் கேட்டார். நான் மணிமாறனைப் பார்க்கவில்லை. சர்வேயரின் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"தெரியாது சார்."

சர்வேயர் மணிமாறன் பக்கம் திரும்பினார். "ஏஜென்ட்கிட்ட சொன்னீங்களா?"

மணிமாறன் பாலிசிக் காகிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். மொட்டையடித்த தலையில் வெயில் அடித்தது. அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

"இல்ல சார். சொல்லல."

சர்வேயர் எழுதிக்கொண்டார். எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

ஒரு மாசத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வண்டியில் செய்த மாற்றத்தை மறைத்ததால் இழப்பீடு இல்லை என்று. உயிர்ச்சேதத்துக்கும் ஒன்றும் வரவில்லை. பாலிசியில் இருக்கும் கட்டாய விபத்துக் காப்பீடு வண்டியின் சொந்தக்காரர் ஓட்டினால்தான் கிடைக்கும். கதிர்வேல் ஓட்டியது மச்சானின் கார். அவர் பெயரில் இருந்த காப்பீடு அவருடைய காரோடு சர்வீஸ் சென்டரில் நின்றிருந்தது.

அமுதா கேட்டது

நான் அமுதாவைப் பார்க்கப் போனேன். அவர்கள் தெருவுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வீடு கேட்டு வழி சொன்னவர்கள் எல்லோரும் கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னாள். கம்பெனிக் கடிதத்தை அவள் படித்திருந்தாள். அதில்தான் காரில் ஏதோ மாற்றியிருந்த விஷயமே அவளுக்குத் தெரிய வந்தது.

"ரெண்டு காரும் ஒண்ணுதானேக்கா?" என்று கேட்டாள். "ஒரே கலரு. ஒரே மாதிரி சீட்டு. இதுக்கு மட்டும் ஏன் அதிகமா பணம் கட்டினாரு எங்கண்ணன்?"

அவள் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவளிடம் சொன்னேன்.

பாலிசியில் ரெண்டு பாகம் இருக்கிறது. நம் வண்டியால் அடுத்தவருக்கு நடப்பதற்கு ஒரு தொகை. அது இன்ஜின் அளவைப் பார்த்து அரசாங்கம் வைப்பது. அந்தத் தொகை உன் அண்ணனுக்குத்தான் குறைவு. நம் வண்டிக்கு நடப்பதற்கு இன்னொரு தொகை. அதைக் கம்பெனி வைக்கிறது. கம்பெனிக்கு உன் அண்ணனையும் தெரியாது, உன் வீட்டுக்காரரையும் தெரியாது. வண்டியைத்தான் தெரியும். டர்போ வண்டியின் விலை கூட. உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் விலை கூட, கழற்றி மாட்டத் தெரிந்த ஆளும் இந்தப் பக்கம் குறைவு. அதோடு, இந்த மாதிரி வண்டிகள் மற்றவற்றைவிட எத்தனை தடவை, எந்த நிலைமையில் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வருகின்றன என்று பல ஊர்க் கணக்கும் அவர்களிடம் இருக்கிறது. ஓட்டுகிறவர் நல்லவரா கெட்டவரா என்பது அந்தக் கணக்கில் வராது. லேசாக மிதித்தால் எவ்வளவு பாயும் என்பது வரும். அந்தப் பாய்ச்சலை இன்னும் கூட்டிவிட்டால் தொகையும் கூடும்.

அமுதா கேட்டாள்.

"அப்ப இது ஆபத்துன்னு சொல்லத்தான் அதிகமா கேக்குறாங்களா?"

"ஒரு வகையில அப்புடித்தான்."

"அத எங்கண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலம்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். காலுக்குக் கீழே இருந்த தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள். சரிசெய்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன்.

ஒரு கடிதம்

மறுநாள் உட்கார்ந்து கம்பெனியின் திருச்சிக் கிளைக்குக் கடிதம் எழுதினேன். டியூனிங் செய்தது எனக்குத் தெரியும், அவராகவே சொன்னார், படிவத்தில் எழுத வேண்டாம் என்று சொன்னது நான், சர்வேயரிடம் பொய் சொன்னதும் நான். ஒரு பக்கம்கூட வரவில்லை. தபாலில் போட மனசு வராமல் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் மரியாதையான மனிதர். ரெண்டு தடவை படித்தார். இதை நீங்கள் கொடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

விசாரணை நடந்தது. என் ஏஜென்சியை ரத்து செய்தார்கள். டூவீலர் பாலிசியில் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் சேர்த்த வாடிக்கையாளர்கள் வேறு ஆளிடம் போனார்கள். என் கடிதத்தை வைத்து மணிமாறனின் கோரிக்கையை மறுபடி எடுத்து, தொகையைக் குறைத்துக் கொடுத்தார்கள். அது கார் கடனை அடைக்கவே சரியாகப் போயிற்று. அமுதா வீட்டுக்கு அதிலிருந்து ஒன்றும் போகவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மணிமாறனின் ஷெட்டுக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பரவால்லக்கா என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் போனேன்.

மத்தியானம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். கண் எரிந்தது. மணிமாறன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார். கடிதத்தை நின்றபடியே நிதானமாகப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று ஒர்க்‌ஷாப்பில் எனக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்களுக்காக இல்லக்கா. நீங்க தெரியாதுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் சொன்னேன்னு சொன்னா, அந்த சார் யார நம்புவாரு?"

வெங்காயத்தை வாரிக் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அது போவுதுங்க. அது எனக்குப் பெருசில்ல," என்றார். பிறகு சொன்னார். "அன்னிக்குக் காலையில மச்சான் சாவி வாங்க வந்தாரு. வண்டி வேகமா எடுக்கும், பாத்து மிதிங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன பண்ணி வச்சிருக்கேன்னு கேப்பாரு. நீங்கதான் யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்னு சொல்லியிருந்தீங்க. சொல்லல."

அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு மூட்டை எடைக்கு வந்தது. அவர் அங்கே போய் எடை பார்க்க ஆரம்பித்தார்.

நான் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பெண்கள் வேலையை முடித்து, கை கழுவி, பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.